நீளம்

முதலில் சுருக்கு, பிறகு பூட்டு.
வரிசை மாறினால் வேலைக்காகாது.
பூட்டிய பொதிக்குள்
எந்த எழுத்துக்கும் ஜோடி கிடையாது.
எள் போட இடமிராது,
ஏறி மிதித்தாலும் அமுங்காது.
இந்த ஒன்றைக் கெர்னலுக்குள் எழுதிச் சேர்க்க
ஒரு குளிர்காலம் போயிற்று எனக்கு,
கிளாக்ஸ்விக் துறைமுகத்துக்கு மேலே
ஜன்னல் சரியாக மூடாத வாடகை அறையில்.

செயற்கைக்கோள் எடை போட்டு விற்கிறது
வானத்தை.
ரசீதைக் கொண்டுவந்து விசைப்பலகை மேல் வைத்தார்
கப்பல் கம்பெனிக் கணக்கர் யல்கிரிம்.
"மீன் இதைவிட மலிவு, சுன்னிவா."

அதனால் சுருக்கினேன்.
கூறியது கூறல் எழுதுகிறவர்களுக்குக் குற்றம்.
என் நிரலுக்கு அதுதான் தீனி.

பாரன்ட்ஸ் கடலில் இழுவை போடும் டெர்னா
ஆறு மணிக்கொரு அறிக்கை அனுப்பும்.
காற்று, பனி, காட் மீன் இத்தனை பெட்டி,
பிறகு இருபத்திரண்டு பெயர்,
ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில்
நலம்.
நலம் நலம் நலம் என்று இறங்கும் அந்தப் பத்தியை
ஒருமுறை சொல்லிவிட்டு
மேலே பார், மேலே பார் என்று
விரல் காட்டி முடித்துவிடும் நிரல்.
ஒரு ஒழுங்கும் வைத்திருந்தேன் அதற்கு:
சிறுக்கவில்லையென்றால்
சிறுத்ததாகச் சொல்லாதே, அப்படியே அனுப்பு.

சாவி என்னிடம் இல்லை.
கப்பலில் ஒன்று, கம்பெனியில் ஒன்று.
எனக்குத் தெரிவது
வந்த நேரம், போகுமிடம், நீளம்.
நூற்று நாற்பது பைட். நூற்று நாற்பது.
மீன் கூடினால் நாலு ஏறும், குறைந்தால் இறங்கும்.
பார்த்துப் பார்த்து
மூச்சுவிடும் சத்தம்போல் ஆகிவிட்டது அது.

பிப்ரவரியில் ஒரு நள்ளிரவு
இருநூற்றுப் பன்னிரண்டு.

பிழையென்று நினைத்து
என் நிரலைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன்.
இரண்டு மணி நேரம் வரி வரியாகத் தேடினேன்.
பிழை இல்லை.
பத்தியில் ஏதோ ஒரு வரி
மேலே பார்க்கச் சொல்ல மறுத்திருக்கிறது.
யாரோ ஒருவருக்குப் பக்கத்தில்
புதிதாக ஏதோ எழுத வேண்டியிருந்திருக்கிறது.

கீழ்வீட்டு மார்யுன் விடியற்காலை ஷிப்டுக்கு
ரப்பர் பூட்ஸோடு புறப்பட்டவள்
என் விளக்கைப் பார்த்துக் கதவைத் தட்டினாள்.
"கப்பலிலிருந்து வந்ததா?"
"வந்தது. பூட்டித்தான் வரும், உனக்குத் தெரியுமே."
"வழக்கம்போலத்தானே?"
பூகி அந்தக் கப்பலில் இருபத்திரண்டில் ஒருவன்.
காபி வேண்டுமா என்று கேட்டேன்.
அவள் என் முகத்தைப் பார்த்தாள்.
என் முகத்துக்கு யாரும்
பூட்டு எழுதித் தரவில்லை.
வேண்டாம் என்று சொல்லிவிட்டு
படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், கையுறையைக் கழற்றாமல்.

எட்டு மணிக்குக் கம்பெனியிலிருந்து அழைத்தார்கள்,
அவளை அல்ல.
சமையல்காரன் ஒத்வால்டின் கை
வின்ச்சில் சிக்கியதாம். இரண்டு விரல்.
ஹெலிகாப்டர் வந்து தூக்கிப் போயிற்றாம்.
மார்யுன் சிரித்தாள்,
சிரித்ததற்காக அழுதாள்,
பிறகு ஷிப்டுக்குப் போனாள், தாமதமாக.

அந்த வாரமே
எல்லாப் பொதியையும் ஒரே அளவாக்கினேன்.
சுருக்கியதன் பின்னால்
வெறும் பூஜ்யங்களைத் திணித்து
இருநூற்று ஐம்பத்தாறு வரை நிரப்பி
அதன் பிறகே பூட்டு.
"கசக்கியதை ஏன் மறுபடி ஊதுகிறாய்?" என்றார் யல்கிரிம்.
காசு கொடுத்துக் காலியிடம் வாங்குகிறோம் என்றேன்.
அவர் நெடுநேரம் பேசவில்லை.
ஒத்வால்ட் அவருடைய மச்சான்.
ரசீதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அந்த வரிக்கு மேலே குறிப்பு ஒன்று வேண்டும்,
பின்னால் வருகிறவர்கள்
வீண்செலவென்று வெட்டிவிடாமலிருக்க.
'விரல்கள்' என்று எழுதி அழித்தேன்.
'நீளமும் பேசும்' என்று சேமித்தேன்.

இப்போதும் ஆறு மணிக்கொருமுறை வருகிறது.
இருநூற்று ஐம்பத்தாறு.
இருநூற்று ஐம்பத்தாறு.
ஒன்றும் சொல்லவில்லை.
தூங்கப் போகுமுன்
இன்னும் ஒரு பொதி பார்த்துவிட்டுப் போகிறேன்.