ஏற்றத்தில் மட்டும்

சமதரையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.
நிறுத்திவைத்து மிதித்தால் நன்றாகவே உறுமும்.
ஏற்றம் கண்டால்தான் கமாஸுக்கு மூச்சு முட்டும்.
பதினோரு டன் வெங்காயம் முதுகில்.
மிதிக்க மிதிக்க முள் இறங்கும்,
பின்னால் வருகிறவன் ஹாரனாலேயே திட்டுவான்.

"உன் தம்பி ஊற்றிய டீசல். பாதி தண்ணீர்"
என்றான் தெமிர்போலோத், அலா-பெல் கணவாயில்.
அதற்குப் பிறகு
சூசமீர் சமவெளி முழுக்க
நான், அவன், நடுவில் தெர்மாஸ்.
வெளியே குதிரைகள், கூடாரங்கள், புகை.
யாரும் எதையும் சுட்டிக் காட்டவில்லை.

தோ-அஷூவின் மூன்றாம் வளைவில் நின்றே போனது.
டயருக்குக் கல் வைத்தேன்.
வெள்ளரிக்காய் தீர்ந்த ஜாடியைக் கழுவி உலர்த்தி
டேங்கிலிருந்து டீசல் பிடித்து
சாலையோரப் பாறைமேல் வைத்தேன்.
வெயில் அதன் வழியாகப் போய்
புல்லில் மஞ்சளாக விழுந்தது.
ஒரு மணி நேரம் கழித்தும்
அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் திரளவில்லை.
பார்க்காதவன் போலப் பார்த்தான்.

ஃபில்டரைக் கழற்றினான், போன மாதம் போட்டது, சுத்தம்.
டேங்கிலிருந்து வரும் குழாயை
குழந்தையின் கையில் எலும்பு முறிவு தேடுவதுபோல
அங்குலம் அங்குலமாக அமுக்கினான்.
வெடிப்பில்லை. கசிவில்லை.
மிச்சமிருந்தது பம்பு.
மார்ச்சில் சந்தையில்
பாதி விலைக்குப் பேரம் பேசி அவனே வாங்கிய பம்பு.
இதை நான் சொல்லவில்லை.

ஒரு கேனில் அதே டேங்கின் டீசலை நிரப்பி
வெங்காய மூட்டைகளின் உச்சியில் ஏறி உட்கார்ந்தேன்.
ஒரு குழாய், கேபினுக்குப் பின்னால் இறங்கி,
பம்பைத் தாண்டி நேரே ஃபில்டருக்குள்.
தானாக இறங்கட்டும்;
இறங்குவதற்கு எந்தப் பம்பும் வேண்டாம்.
கூரையில் ஒரு தட்டு: போ.
இரண்டு தட்டு: நில்.
மூன்று நாளில் நாங்கள் பேசிய மொழி அதுதான்.

ஒரு தட்டு.
ஏறியது.
நான்காம் வளைவு, ஐந்தாம் வளைவு,
கேனை மடியில் கட்டிக்கொண்டு
குளிரில் பல் கிட்டக்
கத்திச் சிரித்தேன், அவனுக்குக் கேட்டிருக்காது.
கேன் பாதி காலி.
இரண்டு தட்டு.

மூட்டை உச்சியில் மட்டும்தான் போனில் ஒரு கோடு சிக்னல்.
காரா-பால்தாக் கடைக்காரன்
டாக்ஸியில் கொடுத்தனுப்புகிறேன் என்றான்.
அதற்குள் பழையதைக் கழற்றினோம்.
மூன்று போல்ட்டில் ஒன்று மட்டும் வீம்பு பிடித்தது,
சுத்தியலுக்கும் மசியவில்லை, கெட்ட வார்த்தைக்கு மசிந்தது.
உள்ளே ஸ்பிரிங் இரண்டு துண்டு,
பிஸ்டனில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல்.
துண்டுகளை உள்ளங்கையில் வைத்து
வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தான்.

புதிய பம்போடு கேஸ்கெட் வரவில்லை.
தேயிலைப் பெட்டியின் அட்டையில்
நான் கத்தரித்தேன்.
கைப்பம்பை அழுத்த அழுத்த
நட்டின் இடுக்கில் நுரை, நுரை,
பிறகு துப்பல்,
பிறகு கொஞ்சம் கோபமாக ஒரு குமிழி,
அப்புறம் குமிழியில்லாத டீசல்,
அவன் மணிக்கட்டில் வழிந்து சட்டைக்கைக்குள் போனது.
"போதும்" என்றான்.
வாயால்.

ரொட்டியைப் பிய்த்துத் தின்றோம், டீசல் வாசத்தோடு.
கிளம்பி மூன்று வளைவு தாண்டியபின்
கண்ணாடியைப் பார்த்துக் கேட்டான்:
"உன் தம்பி லிட்டர் என்ன விலை போடுகிறான்?"

"ஊருக்கெல்லாம் ஒரே விலை," என்றேன்.
"உனக்கு மட்டும் இனி ஏற்றம்."

முள் அசையவில்லை.
சுரங்கப்பாதையின் வாய் தெரிந்தது.
விளக்கைப் போட்டான்.