இரண்டாவது ஃப்ரீ த்ரோ

எட்டு ஒன்று, டோம்பிவிலி ஸ்லோ.
மகளிர் பெட்டி.
ஐந்தேகாலுக்கு எழுந்தவள் நான்.
குக்கர் மூன்றாவது விசில் விடும்போது
பதினேழு பாயின்ட் முன்னால் இருந்தோம்.

இருந்தோம் என்கிறேன்.
அந்த ஊரை நான் பார்த்ததே இல்லை.
மே மாதத்திலும் குளிருமாம் அங்கே.
என்னிடம் இருப்பது ஒரு பச்சைப் பனியன்,
உல்லாஸ்நகரில் பேரம் பேசி வாங்கியது.
துவைத்துத் துவைத்து ஓர் எண் உரிந்துபோய்
பதினொன்று இப்போது வெறும் ஒன்று.

"காலையிலேயே க்வார்ட்டரா?"
இது வீட்டுக்காரரின் ஜோக்.
முதல் சீரிஸில் சிரித்தேன்.
இந்த சீரிஸில் இது ஆறாவது ஆட்டம்.
மூன்றுக்கு இரண்டு.
இன்றைக்கே முடித்திருக்க வேண்டியது.

டிபன் டப்பாவை மூடும்போது பதினொன்று.
ஸ்டேஷன் படியில் ஆறு.
பிளாட்ஃபாரத்தில் நிற்கும்போது
எதிரணி நெட்டையன் ஒருவன்
மூலையில் நின்று ஒரு மூன்று,
மறுபடி அதே மூலையில் ஒரு மூன்று.
அவனருகே போய் நிற்க நம்மில் ஒருவனுக்கும் மனசில்லை.
கோச்சிடம் இரண்டு டைம் அவுட் மிச்சம்.
எதற்கு? பெண் கல்யாணத்துக்கா சேர்த்து வைக்கிறார்?

கத்திவிட்டேன் போலிருக்கிறது.
நான்காவது சீட்டில் பாதி உட்கார்ந்திருந்தவள்
அந்தப் பாதியையும் விட்டு எழுந்தாள்.
சுலபா மட்டும்
மடியில் வெந்தயக்கீரை ஆய்ந்தபடி
என் போனை எட்டிப் பார்க்கிறாள்.
மூன்று வாரமாகப் பார்க்கிறாள்.
அவளுக்குத் தெரிந்த ஒரே விதி:
நான் பல்லைக் கடித்தால் பச்சை தோற்கிறது.

திவா போனது. ஒரு பாயின்ட் பின்னால்.
மிச்சம் இரண்டு விநாடிகூட முழுசாக இல்லை.
பதினொன்றின் முழங்கையில் யாரோ அடித்துவிட,
இரண்டு ஃப்ரீ த்ரோ.

ஃப்ரீ த்ரோ என்றால் என்ன தெரியுமா சுலபா,
பதினைந்தடி. எதிரே ஒருத்தர் கை நீட்டக் கூடாது.
தள்ள மாட்டார்கள், இடிக்க மாட்டார்கள்,
இந்த வண்டியில் ஏறும் எவளுக்கும்
ஒருநாளும் வாய்க்காத ஐந்தாறு விநாடி.
அதைக் கையில் கொடுத்து, போடு என்கிறார்கள்.
பள்ளிக்கூட அணியில்
நூற்றுக்கு எழுபது போட்டவள் நான்,
பாவாடைக்குள் ஷார்ட்ஸும்
வலையில்லாத வளையமுமாக.

முதலாவது, முன் விளிம்பு.
டங் என்று காதுக்குள்ளேயே கேட்டது.

இரண்டாவதுக்கு
பந்தை மூன்று முறை தட்டி
மூச்சை விட்டு
முழங்காலை மடக்கினான்.
மும்ப்ரா தாண்டிச் சுரங்கம்.

படம் நின்றது. அவனும்.
நடுவில் ஒரு வட்டம் சுழல்கிறது,
பந்து வந்து சேராத வளையம்.

வெளிச்சம் வந்ததும் முதலில் வந்தவன்
பெங்களூரிலிருந்து தம்பி ரெக்ஸ்லின்.
அவன் வீட்டு நெட்
என்னைவிட நாற்பது விநாடி முன்னால் வாழ்கிறது.
ஒரே சொல்:
ச்சே.

பிறகுதான் படம் ஓடியது.
முழங்கால் நிமிர்கிறது.
அவனுக்கு இன்னும் தெரியாது.
எனக்குத் தெரியும்.
தெரிந்தும், விழு, விழுந்து தொலை என்று
மேல் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன்.
அந்தச் ச்சே வேறு எதற்காவது இருக்கலாம்,
அவனுக்கு அடுப்பில் பால் பொங்கியிருக்கலாம்.

பின் விளிம்பு.
மேலே எழும்பி, கொஞ்சம் யோசித்து,
வெளியே.

அப்புறம் அதையே பக்கவாட்டிலிருந்து காட்டினார்கள்.
அப்புறம் மேலிருந்து, இன்னும் மெதுவாக.
சுலபா கீரையைக் கீழே வைத்துவிட்டாள்.
"மூணு தடவை குடுத்தாங்களா அவனுக்கு?
மூணையுமா விட்டான்?"
மராத்தியில் கேட்டாள், நிஜமான வருத்தத்தோடு.

ஆமாம் என்றேன்.
மூணையும்.

தாணேயில் நான் இறங்கவில்லை,
கூட்டம் இறக்கிவிட்டது.
ஏழாவது ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. மெகா பிளாக்.
வண்டி இல்லை, சுரங்கம் இல்லை,
பக்கத்தில் சுலபாவும் இருக்க மாட்டாள்.
விழுவதையும் விழாததையும்
ரெக்ஸ்லினோடு சேர்ந்து
அந்த நொடியே தெரிந்துகொள்ள வேண்டும்.