பால்பல்

எபநேசர் கேட்டு ஒன்பது நாளாச்சு.
'சனிக்கிழமை காலைல ஒரு மணி நேரம், ஓய்.
எல்லாம் அஞ்சு வயசு, ஆறு வயசு.
உம்ம முட்டிக்கு அதுதான் தோது.'

மில் டீமுக்குப் பதினோரு வருஷம்
ஸ்டாப்பராக நின்றவன் நான்.
முடியாது என்பதை
டாணா விலக்கிலிருந்தே
பைக்கில் சொல்லிச் சொல்லிப் பார்த்து வந்தேன்.
மரியாதையாக ஒரு தடவை, வெட்டென்று ஒரு தடவை.

விக்கிரமசிங்கபுரத்து மைதானத்தில்
பதினாறு பேரும் ஒரே பந்தின் பின்னால்,
வெல்லக்கட்டியை நகர்த்தும் எறும்பு மாதிரி.
கோல்கீப்பர் வலைக்குள் திரும்பி நின்று
தட்டானோடு பேசிக்கொண்டிருக்கிறான்.
'நம்ம கோலு எந்தப் பக்கம்?'
ஓடிக்கொண்டே கேட்கிறான் இசக்கிராஜா.
கோல் விழுந்தது.
ரெண்டு டீமும் கைதட்டியது.

இதுகளுக்கு நான் எதைச் சொல்லித்தர?
ஆஃப்சைடா?

எபநேசரிடம் வாயைத் திறந்தேன்.
அஃப்ரா ஓடிவந்தாள்.
ஈறில் ரத்தம், முகமெல்லாம் சிரிப்பு.
'சார், இதப் பிடிங்க. வெளாண்டுட்டு வாரேன்.'
என் உள்ளங்கையில் ஒரு பால்பல்,
எச்சில் காயாமல்,
வாயின் சூடு ஆறாமல்.

பொத்திய கையை வைத்துக்கொண்டு
எப்படி மறுப்பது?
சும்மா நின்றேன்.
எபநேசர் மலையைப் பார்த்துக்கொண்டார், கள்ளன்.

விசில் ஊதியதும் அவள் மறந்துவிட்டாள்.
அவளுடைய அத்தா ஆட்டோவைத் திருப்பிவிட்டார்.
பழைய பஸ் டிக்கெட்டில் மடித்து
சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

சரி என்று இன்னும் சொல்லவில்லை.
மூணாம் நம்பர் பந்து என்ன விலை என்று
அம்பாசமுத்திரம் கடையில்
சும்மாதான் கேட்டேன்.