விழாத பல்

சைன்சாந்த் தாண்டி எழுபது கிலோமீட்டர்.
தார்ச்சாலை முடிந்த பிறகும் வண்டி போய்க்கொண்டிருந்தது.
ஜெனரேட்டரை வெளியே இறக்கி
வட்டக் கூடாரத்துக்குள் மடக்கு நாற்காலியை விரித்து
அடுத்தவர், என்றேன்.

தவாசம்பு. நாற்பத்து மூன்று வயது. ஒட்டகம் மேய்ப்பவர்.
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்,
அதற்குள் ஏதோ உயிர் இருப்பதைப்போல.

வலி எதில் என்று கேட்கவே வேண்டியதில்லை.
கீழ்த்தாடை, இடப்பக்கம்,
ஆறு வயதில் வந்த முதல் பெரிய கடைவாய்
ஓடு மட்டும் மிஞ்சிக் கறுத்திருந்தது.

அதற்கு முன்னால்தான் அது.

குள்ளம். இருபுறமும் பற்கள் தோள் உயர்த்தி நிற்க
பெரியவர்கள் வரிசையில் எப்படியோ நுழைந்துவிட்ட பிள்ளை.
மற்றதெல்லாம் உப்புத் தேநீரும் புகையிலையும் ஏறிய மஞ்சள்.
இது மட்டும் வெளுப்பு,
தண்ணீர் ஊற்றிய பாலின் நீலம் பூத்த வெளுப்பு.
கழுத்துக்கு மேலே உப்பி, கழுத்தில் சட்டென்று ஒடுங்கி,
அவர் இடுப்பில் தொங்கும்
மூக்குப்பொடிக் குப்பியின் சுருக்குப்பை.

பால்பல்லா, என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.
வாய் திறந்திருந்ததால் அவர் பதில் சொல்லவில்லை.

படம் எடுத்தேன். திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

பாருங்கள், கோடைக்கு ஒரு சுற்றுக் கம்பளி கட்டுவீர்கள்,
குளிருக்கு இரண்டு.
இந்தப் பல்லுக்கு எனாமல் ஒரு சுற்றுதான்.
உள்ளே அடுப்பு மட்டும் பெரிது:
கூழறை அகலம், அதன் கொம்புகள்
கூரையை முட்டிக்கொண்டிருக்கின்றன.
கோடைக்கு எழுப்பிய கூடாரம்.
பத்துப் பன்னிரண்டு வருடம் போதும் என்று கட்டியது.
நாற்பத்தொரு குளிர்காலம் நின்றிருக்கிறது.

வேர்களைக் காட்டினேன்.
மெலிந்த இரண்டு வேர்கள், அகன்று, வளைந்து,
சேணத்தில் அமர்ந்தவன் கால்கள்.
அந்த இடைவெளியில்தான் அடுத்த பல்லின் முளை வளரும்.
வளர்ந்து மேலே வர வர
வேர்கள் கீழிருந்து கரைந்துகொண்டே போகும்.
அதனால்தான் விழுகிற பால்பல்லுக்கு வேரே இருப்பதில்லை,
வெறும் தொப்பிதான் கையில் வரும்.

உங்களுக்கு, என்றேன்,
கால்கள் அப்படியே இருக்கின்றன.
குதிரை இல்லை.

அவர் திரையை வெகுநேரம் பார்த்தார்.
பிறகு தொப்பியைத் திருப்பித் திருப்பி
விரல்விட்டு எண்ணினார்.

பத்தொன்பது.
விழுந்த ஒவ்வொன்றையும் கொழுப்பில் பொதிந்து
நாய்க்குக் கொடுத்தோம்.
இருபது இருக்க வேண்டும் என்றாள் அம்மா.
ஒன்றை எங்கேயோ மணலில் தொலைத்துவிட்டாய் என்று
அடித்தாள்கூட.

என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஊசி போட்டேன்.

பிடுங்கியது மற்றதை.
நிரந்தரப் பல் என்று எங்கள் பாடப்புத்தகம் பெயர் வைத்ததை.
நீண்ட வேர், தடித்த எனாமல், அத்தனை ஏற்பாடும்;
அரை மணி நேரம் மல்லுக்கு நின்று
கடைசியில் கிண்ணத்தில் விழுந்தது.
அடுத்திருந்ததைத் தொடவேயில்லை.
அதன் மேல் ஒரு கீறல் இருந்தது, சிறியது.
ஆழமாகத் துளைக்க அங்கே இடமில்லை;
மருந்து தடவி விட்டுவிட்டேன்.

பெரியவர்களுக்கான படிவத்தில் முப்பத்திரண்டு கட்டம்.
இதற்கு ஒரு கட்டமும் இல்லை.
ஓரத்தில் கையால் சின்னதாக ஒன்று வரைந்து
எழுபத்தைந்து என்று எண் போட்டேன்.
ஊரில் அலுவலகம் இதைத் தவறு என்று திருப்பி அனுப்பும்.

பஞ்சைக் கடித்தபடியே கேட்டார்:
இதை நாய்க்குப் போடலாமா?

இது பெரிய பல், தவாசம்பு. இனி எதுவும் முளைக்காது.

நாய்க்கு அதெல்லாம் எதற்கு, என்றார்.

வெளியே காற்று. ஜெனரேட்டர் இருமியது.
வால்கொழுப்பில் பொதிந்து நீட்டினார்.
கல்தர் முகர்ந்து, கொழுப்பை மட்டும் வழித்து நக்கிவிட்டு
பல்லை மணலில் துப்பிப் போனது.

அவர் சிரித்தார், பஞ்சு விழுந்துவிட்டது.
ரத்தம் கட்டிய பள்ளத்துக்கு இந்தப் பக்கம்
தனியாக அது நின்றிருந்தது.