குந்தியிருந்த வருடங்கள்

கிளப்பில் எனக்கு முன்னால் இரண்டு கீப்பர்கள்.
ஒருவனுக்கு விரல் முறிந்தால் மற்றவன்.
மற்றவனுக்குக் கலியாணம் என்றால் நான்.
ஆறு வருடத்தில் ஒரேயொரு கலியாணம்,
அதுவும் மழையோடு போயிற்று.

கீப்பர் என்றால் வாயும் வேலை செய்யவேண்டும்.
ஓவர் முழுக்கக் கத்தவேண்டும்,
பந்து வீசுகிறவனை உசுப்பவேண்டும்.
என் சிங்களத்தில் கொட்டாஞ்சேனை வாடை அடித்தது.
ஸ்லிப்பில் நின்றவர்கள் சிரித்தார்கள்.
கெட்ட சிரிப்பில்லை,
ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன்.
கை நல்லது, சத்தம் போதாது என்று
தெரிவுக்குழுவில் யாரோ சொன்னதாகக் கேள்வி.

இருபத்தாறு வயதில்
ஹிரோத்தா என்ற ஜப்பான்காரர்
டொரிங்டன் மைதானத்தின் ஓரத்தில்
ஒரு சாக்கைக் கவிழ்த்தார்.
கம்பி முகமூடி, மார்புக் கவசம்,
பலாப்பழம் பிளந்ததுபோல ஒற்றைக் கையுறை.
என் முழங்காலைப் பார்த்தார். விரல்களைப் பார்த்தார்.
நிலத்தில் ஒரு ரப்பர் தட்டைக் காட்டி
ஏதோ சொன்னார்.
குந்து என்பதற்கு அவர்கள் மொழியில் என்னவென்று
இன்றைக்கும் தெரியாது.
குந்தினேன்.

கிரிக்கெட்டில் கீப்பரிடம் வருவது
துடுப்புக்குத் தப்பிய பந்து.
இங்கே அது புறப்படும்போதே எனக்கென்று புறப்படுகிறது.
அந்த வித்தியாசம் உள்ளங்கைக்குள் ஏற
ஒரு மாரி பிடித்தது.

எறிகிறவன் நிலந்த. கடற்படை, குருநாகல் பக்கம்.
என்னிடம் அவன் மொழி பாதி இருந்தது.
அவனிடம் என்னுடையது இரண்டே சொல்:
வணக்கம், எவ்வளவு.
தொடைகளுக்கு நடுவே வலதுகையைத் தொங்கவிட்டு
ஒரு விரல் காட்டினால் நேர்ப்பந்து,
இரண்டு என்றால் வளைந்து விழுவது.
விரலுக்கு உச்சரிப்பில்லை.
தலையாட்டுவான், அல்லது மறுப்பான்.
மறுத்தால் மறுபடி கேட்பேன்.
இரண்டு வருடம் இப்படித்தான் பேசிக்கொண்டோம்,
நானும் மனைவியும் பேசியதைவிடக் கூட.

சம்பளம் கேட்காதீர்கள்.
பஸ் காசு, பிளேன்டீ, ஒரு பணிஸ்.
திங்கட்கிழமை டாம் வீதிக் கடையில்
ஆணி நிறுக்கும்போது இடது உள்ளங்கை சிவந்திருக்கும்.
'யாரோடடா அடிபட்டாய்?' என்பார்
ஃபிர்தௌஸ் ஹாஜியார்.

ஆமர் வீதிச் சந்தியில் ஒரு ராத்திரி
பையைத் திறக்கச் சொன்னார்கள்.
அடையாள அட்டைக்குப் பிறகு முகமூடி.
மேக்க மொக்கத்த?
ஊர், வேலை, போகுமிடம்
எல்லாவற்றுக்கும் பதில் பாடமாக இருந்தது.
இதற்கு இல்லை.
சிப்பாய் அதை மாட்டிப் பார்த்தான்.
கம்பிக்குள்ளிருந்து சிரித்தான், சின்னப் பெடியன்.
துவக்கைத் தோளில் மாற்றிப்போட்டு
நான் ஏதோ எறியப்போவதுபோல
கொஞ்சநேரம் அப்படியே நின்றான்.

மூன்றாவது பந்தொன்றை,
வேகம்போலத் தெரிந்து மெதுவாக வருவதை,
ஹிரோத்தா அவனுக்குக் காட்டத் தொடங்கிய கிழமை
லீவு ரத்து என்று செய்தி வந்தது.
வடக்கே என்றான். எங்கே என்று சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
என் தங்கச்சி வீடு அந்தப் பக்கம்தான் இருந்தது.

அடுத்து வந்தவன் அசுர வேகம்,
எங்கே போகுமென்று அவனுக்கே தெரியாது.
என் பெருவிரல் போனது.
பிறகு முழங்கால்.
முப்பத்திமூன்றில் முகமூடியைச் சாக்குக்குள் போட்டேன்.
யாரும் கைதட்டவில்லை, அன்றைக்கு ஆட்டமும் இல்லை.

போன மாசம் புறக்கோட்டையில்
நகரத் தொடங்கிய நூற்றுமுப்பத்தெட்டின் ஜன்னலில்
நிலந்த.
நரைத்திருந்தான், மடியில் ஒரு பிள்ளை.
கூப்பிட வாய் திறந்தது,
எந்த மொழியில் என்று தடுமாறி நின்றது.
இடதுகையில் ஆணிப் பொதி.
வலதுகை தானாகத் தொடைக்கு இறங்கிற்று.

மூன்று விரல்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.
தலையாட்டினானா, மறுத்தானா,
குறுக்கே ஒரு லொறி வந்துவிட்டது.