சோவார் சபையின் சாமான் பட்டியல்

பெஞ்சுகள் பதினான்கு. ஒன்று நொண்டி.
கடிகாரம் ஒன்று,
பிரசங்கியார் கண்ணுக்கு மட்டும் படும்படி.
மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று, துருப்பிடித்தது.
விற்பதற்கு முன் எண்ணவேண்டும்.
அதற்காகத்தான் கார்மார்தனிலிருந்து
மழையோடு மழையாக வந்திருக்கிறேன்.

சாவி வைத்திருக்கும் எமிர் ஹாப்கின்
கூட்டக் குறிப்பேட்டை மடியில் விரித்து
வெல்ஷில் வாய்க்குள் படித்து
ஆங்கிலத்தில் எனக்குச் சொல்கிறார்.
நான் தமிழில் கேட்டுக்கொள்கிறேன்.
இத்தனை தாண்டி வருவதற்குள்
ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தொன்று
கொஞ்சம் களைத்துவிடுகிறது.

அந்த வருஷம் ஏழு குடும்பம்
ஆட்டுக்கொட்டிலில் கூடி ஜெபித்தது.
ஆடுகளை வெளியே விட்டார்களா என்றேன்.
“ஜனவரியிலா?” என்றார்.
ஓடையிலிருந்து கல் சுமந்தவர்கள் பெண்கள்.
ஏட்டில் ஏறிய பேர்கள் ஆண்களுடையவை.
சோவார் என்று பேரிட்டார்கள்:
நெருப்புக்குத் தப்பி ஓடிய லோத்து
“அது சின்ன ஊர்தானே” என்று
கெஞ்சி வாங்கினானே, அந்த ஊர்.

போதகருக்கு வருஷம் பன்னிரண்டு பவுன்,
எரிக்க இரண்டு வண்டி கரிமண்.
ஐம்பத்தொன்பதில் எழுப்புதல்;
இடமில்லாதவர்கள் ஜன்னலில் தொற்றி அழுதார்கள்.
அறுபத்தொன்றில் ஜன்னல் பழுதுபார்த்த செலவு.

பிறகு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது, மார்ச்.
பள்ளத்தாக்கு முழுக்க இருமல்.
திருவிருந்தில் எல்லாரும்
ஒரே கிண்ணத்தில் வாய்வைப்பது ஆகாது,
ஆளுக்கொரு சின்னக் கண்ணாடி வேண்டும் என்றார் மருத்துவர்.
மூப்பர் இத்தேல் ப்ரோபர்ட் எழுந்து
“ஆண்டவர் எடுத்தது ஒரு பாத்திரம்” என்றார்.
நான்கு ராத்திரி வாதம்.
ஐந்தாம் ராத்திரி
வெள்ளிக் கிண்ணத்தைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு
இருபத்தாறு பேரோடு ஓடையைத் தாண்டினார்.
அக்கரையில் ரெகொபோத் எழுந்தது.
ஞாயிறுதோறும் பாலத்தில்
அண்ணன் குடை தம்பி குடையில் உரசும்.
பேச்சில்லை.
சந்தையில் ஆட்டுக்கு விலை கேட்கும்போது மட்டும் உண்டு.
ரெகொபோத் இப்போது விடுமுறை வீடு.
பிரசங்க மேடை இருந்த இடத்தில் குளியல்தொட்டி.

என் பேனா நின்றது அங்கே இல்லை,
முன்னால், அந்தக் கண்ணாடிகளில்.
தனிக்குவளை என்றால் எனக்கு ஒரு டீக்கடை தெரியும்.
எங்கள் தெருவுக்கென்று
வெளிச்சுவரில் ஆணி, ஆணியில் குவளை.
குடித்து, கழுவி, நாங்களே மாட்டவேண்டும்.
“நீங்கள் யார் கட்சி?” என்று சிரித்தார் ஹாப்கின்.
“மேலே படியுங்கள்” என்றேன்.

மேலே படிக்கவில்லை அவர்.
பின்னால் புரட்டினார், ஏழு வருஷம்.
ஓரத்தில் வேறு மையில் ஒரு வரி:
காத்ரின் ரிதெர்க் இனித் தன் பாத்திரத்தையே கொண்டுவருவாள்.
அவளாகக் கேட்டுக்கொண்டாள். தடையில்லை.

இருமலுக்கு இரண்டு மகன்களைக் கொடுத்தவளாம்.
கடைசியில் உட்கார்ந்து, கடைசியில் குடித்து,
முதல் ஆளாக வெளியேறுவாளாம்.
கிண்ணச் சண்டையில்
இரண்டு பக்கத்துப் பட்டியலிலும் அவள் இல்லை.

“அவளாகவா?”
“அப்படித்தான் எழுதியிருக்கிறது.”

ஐம்பத்தெட்டில் குறிப்பு ஆங்கிலத்துக்கு மாறுகிறது;
அதற்குத் தீர்மானம் எதுவும் காணோம்.
கடைசிக் கூட்டத்துக்கு வந்தவர் மூவர்.
மூட இரண்டு கை. வேண்டாமென்று ஒன்று.
அந்த ஒன்று தன் கை என்றார்,
கையைப் பார்த்துக்கொண்டே.

அலமாரியில் சின்னக் கண்ணாடிகள் நாற்பத்தேழு.
அவற்றின் பின்னால், பழந்துணியில் சுற்றி,
நீலக் கோப்பை ஒன்று. காது உடைந்தது.
“அது சபையுடையது அல்ல” என்றார்.
யாருடையது என்ற கட்டத்தில்
பேனாவை வைத்தேன், எடுத்தேன்.

பிளாஸ்கில் மூடி ஒன்றுதான்.
ஊற்றிப் பாதி குடித்தவர்
துடைக்காமல் நீட்டினார்.
வாங்கிக் குடித்தேன். சர்க்கரை தூக்கல்.

கிளம்புமுன் பெஞ்சுகளை மறுபடி எண்ணினேன்.
பதினைந்து.
கதவோரத்தில் ஒன்றை விட்டிருக்கிறேன்.