உத்தரவாதத்துக்கு உட்படாதது

எண்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ்.
கமராக் கம்பனிக்காரனின் விலையில்
பாதிக்கும் குறைவு. அதனால் வாங்கினேன்,
வேறு தத்துவம் ஒன்றும் இல்லை.

மார்க்கம் மண்டபத்தில் ஆரபியின் கலியாணம்.
ஆயிரத்து நானூறு படங்கள்.
தாலி கட்டும் பதினொரு படத்திலும்
கண் கலங்கலாய்,
காதிலே ஜிமிக்கி மட்டும்
கல் கல்லாய் எண்ணலாம்.

கமராக்காரரைக் கூப்பிட்டேன்.
"அது எங்கள் லென்ஸ் இல்லையே."
லென்ஸ்காரரைக் கூப்பிட்டேன்.
"கமராவின் மென்பொருளைப் புதுப்பித்தீர்களா?"
முகம் பார்க்காத இரண்டு சம்பந்தி வீட்டுக்கும்
நடுவில் ஓடுகிற புரோக்கர் போல
ஒரு கிழமை திரிந்தேன்.

முறைப்பாட்டு எண் எட்டு இலக்கம்.
மகனின் பிறந்தநாளைவிட இப்போது
அதுதான் சட்டென்று வாயில் வரும்.
காத்திருக்கும்போது போடுகிற பியானோ
ஒரே இடத்தில் தடக்கும்.
நாலாவது சுற்றில் நானும்
சரியாக அந்த இடத்தில் தடக்கினேன்.

ஜெனிவீவ் என்றொருத்தி, நல்ல குரல்.
"மிஸ்டர் சிவா" என்றாள்.
சிவகௌரி, என்றேன்.
"நன்றி, மிஸ்டர் சிவா."
ரசீதில் கடை நியூ ஜெர்சி என்று கண்டதும்
குரல் ஒரு படி இறங்கியது.
"இந்த லென்ஸ் கனடாவுக்கு உரியதல்ல.
இங்கே இதற்கு ஒரு வருடம்தான்."
எதிரே யாரும் இல்லாமலே
இரண்டு கையையும் மேசைமேல் வைத்து
நிமிர்ந்து இருந்தேன்.
வருடம் முடிய ஒன்பது நாள் கிடந்தது.
எண்ணிப் பார்த்துவிட்டு, "அனுப்புங்கள்" என்றாள்.

தபாலை நம்பாமல் நானே கொண்டுபோனேன்.
பெப்ரவரி, ரிச்மண்ட் ஹில்,
டயர்க் கடைக்கும் குளியலறை ஓடு விற்கிற கடைக்கும்
இடையில் ஒரு சாம்பல் கதவு.
சின்ன ஜன்னல் திறந்தது,
ஒரு கை வந்தது, பெட்டியை வாங்கியது,
மூடிக்கொண்டது.
பனியில் என் காலடி
வந்ததும் போனதும் ஒரே வரிசையில்.

ஆரபியின் தாய் நாள்தோறும் எழுதினா:
"அல்பம் எப்ப, பிள்ளை?"
"லென்ஸ் திருத்தக் குடுத்திருக்கு, அன்ரி."
லென்ஸ் திருந்தினாலும்
அந்தப் பதினொரு படம் திருந்தாது.
அதை அவவுக்கு நான் சொல்லவில்லை.
எனக்கும் சொல்லவில்லை.

ஐந்தாம் கிழமை பெட்டி வந்தது.
லென்ஸ். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட
சோதனைத் தாள் ஒன்று.
விரல்நுனி அளவு பிளாஸ்டிக் பை.
"பின்வளையத்தினுள் அந்நியப் பொருள்.
அகற்றப்பட்டது. உத்தரவாதத்துக்கு உட்படாது.
நூற்றெண்பத்தாறு டொலர்."
கீழே, பேனையால், சாய்ந்த கையெழுத்தில்:
"என்னவென்று தெரியவில்லை. விதையா?"

மஞ்சள் பூசிய அரிசி.
நுனி உடைந்த ஒற்றை அறுகரிசி.

போன வருடம் பதினாறு கலியாணம்.
பிரம்டன், ஏஜக்ஸ், பிக்கரிங், ஒட்டாவாவில் ஒன்று.
மேளம் உச்சத்தில் நிற்க
லென்ஸ் மாற்றுகிற அந்த மூன்று விநாடியில்
எந்த மாமா, எந்தத் தம்பதிக்கு எறிந்தாரோ.
குறி தப்பிய வாழ்த்து
மாதக்கணக்காய் உள்ளேயே இருந்து
ஆரபியின் கண்ணை மறைத்திருக்கிறது.

கடைசியில் தாயிடம் படத்தைக் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தா,
கீழே இறக்கிப் பார்த்தா.
"கண்ணை விடு. ஜிமிக்கி நல்லா வந்திருக்கு.
அதுக்கு இன்னும் காசு கட்டுறம்."

பணம் கட்டினேன். கருத்துக் கேட்டார்கள்,
ஒன்றிலிருந்து பத்துவரை.
ஏழு போட்டேன். பெட்டிக்குள் எழுதினேன்:
பேனையால் எழுதியவருக்குச் சொல்லவும்,
விதை இல்லை, அரிசி.
தலையில் விழ எறிவது.

மறுநாள் பதில் வந்தது.
"அன்புள்ள மிஸ்டர் சிவா,
உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்."

சனிக்கிழமை ஏஜக்ஸில் முகூர்த்தம்.
மணவறைக்கு முதுகைக் காட்டி,
கோட்டுக்குள் கமராவைச் செருகி
லென்ஸ் மாற்றுகிறேன்.
பிடரியில் விழுகிறது, கொலருக்குள்ளும்,
இரண்டு மூன்று.
தட்டிவிடக் கை ஒழியவில்லை.